கத்திக்கு முன்னால் ஒரு வார்த்தை

போன தடவை அந்த ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று கிடைக்காமல் போனதற்குக் காரணம் கூரையில் ஓட்டையும் இல்லை, குழாயில் தண்ணீர் வராததும் இல்லை. ஒரே ஒரு பதில். மதிப்பீட்டுக்கு வந்த அம்மையார் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரைக் கூப்பிட்டு, "ஆபரேஷன் நடுவுல டாக்டர் ஏதோ தப்பா செய்யறார்னு உங்களுக்குத் தோணுது. என்ன செய்வீங்க?" என்று கேட்டார். அந்த சிஸ்டர் நல்ல பெண், பொய் சொல்ல வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "டாக்டர் முகத்தைப் பார்ப்பேன் மேடம்" என்றாள்.

"பார்த்துட்டு?"

"கோவமா இருந்தார்னா பேசாம இருந்துடுவேன்."

முடிந்தது கதை. அம்மையார் பேனாவை மூடினார்.

சுவரோரம் நின்று இதைக் கேட்ட தரம் அக்காவுக்கு அங்கேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. தரம் அக்கா என்பது ஊழியர்கள் வைத்த பெயர். நர்ஸாக இருந்தவள், இப்போது ஆஸ்பத்திரியின் தரக் கட்டுப்பாடு அவள் பொறுப்பு. கை கழுவினாயா, கையுறை மாற்றினாயா, நோயாளியின் பேரை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னாயா என்று வார்டு வார்டாகப் போய் உயிரை வாங்குவாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், குழாயடியில் கூட்டம் கூடிவிடும். எல்லாருக்கும் திடீரென்று கை கழுவ ஆசை வந்துவிடும்.

தியேட்டரின் பெரிய டாக்டர் யார் என்றால், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, இடி. அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. சும்மா சொல்லக்கூடாது, கை அப்படி ஒரு கை. அவர் போட்ட தையலில் தழும்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். வாய்தான் சரியில்லை. கத்தரிக்கோல் கொஞ்சம் தாமதமாகக் கைக்கு வந்துவிட்டால் உள்ளே அவர் போடும் சத்தத்தில் வெளியே பெஞ்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். யாரையும் அவர் வேலையை விட்டு அனுப்பியதில்லை, ஒருத்தர்மேலும் கை நீட்டியதில்லை. ஆனாலும் பயம். பயப்படுவதற்குக் காரணமா வேண்டிக் கிடக்கிறது?

மேலிடம் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. இந்தத் தடவையும் தேறவில்லை என்றால் தியேட்டருக்குப் பூட்டு. தரச்சான்று இல்லாத இடத்தில் கத்தி எடுக்கக் கூடாது, அதுதான் உத்தரவு. பூட்டு என்றால் சாதாரணப் பூட்டா? குடல்வால் வெடித்தவர்கள், வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுக்க வேண்டியவர்கள், விழுந்து எலும்பு நொறுங்கியவர்கள் எல்லாரும் மலைப்பாதையில் வண்டி ஏறிப் பெரிய ஊருக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் அவர்கள் அதிர்ஷ்டம்.

போய்ச் சேராத ஒருத்தியைத் தரம் அக்காவுக்குத் தெரியும். அவர்களுடைய பெரியக்கா. அப்போது இங்கே தியேட்டர் கிடையாது. பிரசவ வலியோடு வண்டியில் ஏற்றினார்கள், பின் சீட்டில் சின்னத் தங்கையான இவள் மடியில் தலை. பாதி வழியில் மடி கனத்தது, அவ்வளவுதான். பிள்ளையும் இல்லை, அக்காவும் இல்லை. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அண்ணன் அதற்குப் பிறகுதான் கத்தி பிடிக்கும் படிப்புக்குப் போனார். பெரிய ஊரில் வந்த வேலையெல்லாம் வேண்டாம் என்று திரும்பி வந்து, கெஞ்சியும் கத்தியும் இந்தத் தியேட்டரைக் கட்ட வைத்தார். அதைத்தான் இப்போது பூட்டப் போகிறார்கள். அதுவும் அவருடைய மூஞ்சியைப் பார்த்துப் பயந்த ஒரு பெண் உண்மையைச் சொன்னதற்காக.

"என் மூஞ்சியில என்ன இருக்கு?" என்று உத்தரவு வந்த அன்றைக்கே அண்ணன் அவள் அறைக்கு வந்து கத்தினார்.

"கண்ணாடி தரட்டுமாண்ணே?"

"விளையாடாதே சின்னவளே. என்ன செய்யணும், சொல்லு."

"நிறுத்துன்னு யாராவது சொன்னா நீங்க நிறுத்தணும். அவ்வளவுதான்."

"யார் சொன்னாலும்?"

"தரை துடைக்க வர்றவங்க சொன்னாலும்."

"அவங்க சொல்றது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தாலும். தப்பா சொன்னவங்களைத் திட்டினா, அடுத்த தடவை சரியா சொல்ல வேண்டியவங்களும் வாயைத் திறக்க மாட்டாங்க."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கசப்பு மருந்தை விழுங்குகிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சரி" என்றார்.

சரி என்று சொல்வது சுலபம், செய்வதல்லவா பாடு! ஒத்திகை ஆரம்பமானது. மேஜைமேல் நோயாளிக்குப் பதில் ஒரு நீளத் தலையணை. டாக்டர் வேண்டுமென்றே தப்பான பக்கம் கத்தி வைக்கப் போவார், யாராவது தடுக்க வேண்டும். முதல் நாள் ஒருத்தி தொண்டையைச் செருமினாள். "சளியா?" என்று கேட்டுவிட்டுத் தலையணையை அறுத்துவிட்டார் டாக்டர். அடுத்த நாள் இன்னொருத்தி தைரியமாக ஆரம்பித்தாள்: "சார்... வந்து... மன்னிக்கணும் சார்... தப்பா எடுத்துக்காதீங்க சார்... எனக்கு என்ன தோணுதுன்னா சார்..."

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் குறும்புக்காரர். "அம்மா தாயே, நீ இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் தலையணையை எழுப்பி வீட்டுக்கே அனுப்பிடுவேன்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். இடி மட்டும் சிரிக்கவில்லை. "வாயைத் திறந்து சத்தமா சொல்லுங்களேன்!" என்று அவர் போட்ட அதட்டலில், சொல்லலாம் என்று வாயெடுத்த இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சிக்கல் வார்த்தையில்தான் என்று தரம் அக்காவுக்குப் புரிந்தது. பெரியவரைப் பார்த்து 'நிறுத்துங்க' என்று சொல்ல நாக்கு வரவில்லை, சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. 'ஸ்டாப்' என்றால் பஸ் ஞாபகம்தான் வருகிறது. 'நில்லுங்க' என்று ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். "நின்னுட்டுத்தானே இருக்கேன்" என்றார் டாக்டர். மரியாதையும் கெடக்கூடாது, கத்தியும் நிற்க வேண்டும். அப்படி ஒரு வார்த்தைக்கு எங்கே போவது?

அது அவள் வீட்டிலேயே இருந்தது, கூத்தைப் பாருங்கள்.

அண்ணன் குடும்பமும் அவளும் ஒரே வீட்டில்தான். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அண்ணனுக்கு மூக்குமேல் கோபம். "இந்த நாடகமெல்லாம் எனக்கு ஒத்து வராது. வேற ஆளை வச்சு நடத்திக்கோங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அண்ணி கணக்கு டீச்சர். மேஜையின் இன்னொரு ஓரத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இருங்க" என்றாள்.

அண்ணன் உட்கார்ந்தார். உட்கார்ந்தது மட்டுமா, தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தரம் அக்காவுக்கு வாய்க்குப் போன கை அப்படியே நின்றது. அட! இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இதைக் கவனிக்கவில்லையே! வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கோபமாக வாசல் வரை போனாரா, 'இருங்க'. போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்குகிறாரா, 'இருங்க'. வந்த விருந்தாளி எழுந்தால் சொல்கிற அதே வார்த்தைதான். அதில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. மரியாதை வேண்டியவருக்கு மரியாதை, அதட்டல் வேண்டியவருக்கு அதட்டல்.

"அண்ணி, உங்க வார்த்தை ஒண்ணை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கட்டுமா?"

"எந்த வார்த்தை?"

"பேசாம உட்கார்ந்துட்டாரே, அந்த வார்த்தை."

அண்ணி அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். புருஷனைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், பேனா கையிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தாள். "தாராளமா எடுத்துக்கோ. ஆனா அங்கே எடுபடுமான்னு தெரியாது, இங்கே நான் மார்க் போடறவ."

மறுநாள் தியேட்டரில் தரம் அக்கா அறிவித்தாள். யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் ஒரே வார்த்தை, 'இருங்க'. காரணம் பிறகு சொல்லலாம், முதலில் கத்தி நிற்கட்டும். முகமூடிக்கு மேலே அண்ணனின் காது சிவந்தது. "இது எங்கேருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"தெரிஞ்சா நல்லதுதான் சார்" என்றாள் அவள். ஆஸ்பத்திரிக்குள் வந்தால் அண்ணன் கிடையாது, சார்தான்.

வார்த்தை பிடித்துக்கொண்டது. மயக்க டாக்டர் சொன்னார், தரை துடைப்பவர் சொன்னார். ஒரு நாள் கருவித் தட்டு எடுத்து வந்த பெண் சும்மா சொல்லிப் பார்த்தாள், டாக்டர் உண்மையிலேயே நின்றதும் பயந்துபோய்த் தட்டைக் கீழே போட்டாள். ஒவ்வொரு தடவையும் அண்ணனின் தாடை இறுகும், ஆனால் கை நின்றுவிடும். பழக்கம் என்றால் அதுதானே.

சொல்லாதவள் ஒருத்திதான். போன தடவை பதில் சொன்ன அதே சிஸ்டர். காலடிச் சத்தமே கேட்காமல் நடப்பாள் என்று அவளைப் பூனை என்பார்கள். தன்னால்தான் தியேட்டர் பூட்டப்படப் போகிறது என்று உள்ளுக்குள் நொந்துபோய்க் கிடந்தாள், மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைக்கூட விட்டுவிட்டாள். ஒத்திகையில் வாயைத் திறப்பாள், காற்று வரும், சத்தம் வராது.

"நீ வேணா அன்னிக்கு வார்டுல இரும்மா. உள்ளே வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்று தரம் அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா. நானே நிக்கறேன்." அதை மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

மதிப்பீட்டு நாள் வந்தது. தரம் அக்கா விடியும்போதே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. துடைத்ததையே துடைத்தாள். கட்டில் கால், கதவுக் கைப்பிடி, கை கழுவும் தொட்டி, தியேட்டரில் எக்ஸ்ரே மாட்டும் விளக்குப் பெட்டி, எதையும் விடவில்லை. வெறிச்சென்று இருக்கிறதே என்று வராந்தாவில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தாள். "அக்கா, எங்களையும் துடைச்சு வைக்கப் போறீங்களா?" என்று மயக்க டாக்டர் கேட்டார். சிரிப்பு வரவில்லை அவளுக்கு.

வந்தது அதே அம்மையார். கூட எந்நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும் ஒருவர். சமையற்கட்டில் மூடியைத் திறந்து பார்த்தார்கள், மருந்தகத்தில் தேதிகளைப் பார்த்தார்கள், வார்டில் ஒரு பெரியவரிடம் "உங்க பேரைத் தினமும் கேக்கறாங்களா?" என்று விசாரித்தார்கள். "கேட்டுக் கேட்டு எனக்கே மறந்து போச்சும்மா" என்றார் பெரியவர். அம்மையார் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பரவாயில்லை, தேறிவிடுவோம் போலிருக்கிறதே என்று தரம் அக்கா மெல்ல மூச்சு விட்டாள்.

பிறகு தியேட்டர்.

மேஜைமேல் ஒரு தையல்காரர். சிறுநீர் இறங்கும் குழாயில் கல். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்திருந்தார்கள், ஆள் முழிப்பாகத்தான் இருந்தார். முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே பச்சைத் துணித் திரை. பச்சை அங்கி போட்டுக்கொண்டு அம்மையார் ஒரு மூலையில் நின்றார், பக்கத்தில் தரம் அக்கா.

கத்தி வைக்கும் முன் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. மயக்க டாக்டர் கேட்டார். தையல்காரர் தன் பேரைச் சொன்னார், கேட்காமலே அப்பா பேரையும் சொன்னார், விட்டால் தாத்தா வரைக்கும் போயிருப்பார். என்ன ஆபரேஷன்? கல் எடுக்க. எந்தப் பக்கம்? வலது. வயிற்றின் வலது பக்கம் மையில் அடையாளம் போட்டிருந்தது. படம்? "மாட்டியாச்சு" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். கச்சிதம். அண்ணன் கையை நீட்டினார், கத்தி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

"இருங்க."

யார் சொன்னது என்றே முதலில் தெரியவில்லை. கொசு பறக்கிற சத்தம்தான். அண்ணனுக்குக் கேட்கவில்லை, கத்தி தோலை நோக்கி இறங்கியது.

"இருங்க!"

தியேட்டரே அதிர்ந்தது. பூனை! அவளுக்கு அப்படி ஒரு தொண்டை இருக்கிறதென்று அவளைப் பெற்றவளுக்குக்கூடத் தெரிந்திருக்காது. அண்ணனின் கை நின்றது. கத்தி நுனிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான்.

"என்ன?" என்றார் அண்ணன்.

பூனை கையைத் தூக்கி விளக்குப் பெட்டியைக் காட்டினாள். "சார்... படத்துல கல் இடது பக்கம் இருக்கு."

எல்லாத் தலையும் திரும்பியது. ஆமாம், இடது பக்கம்தான். வெள்ளையாக, பளிச்சென்று, குழந்தைக்குக்கூடத் தெரிகிற மாதிரி. தரம் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போச்சு! மதிப்பீட்டு அம்மையார் கண்ணெதிரே, தப்பான பக்கம் அறுக்கப் போனார்கள் என்றால் பூட்டோடு விடுவார்களா, சாவியையே உருக்கிவிடுவார்களே!

அண்ணன் கத்தியைத் தட்டில் வைத்தார். டங் என்று கேட்டது. கைகளை மார்புக்கு நேராகக் கட்டிக்கொண்டு, "எல்லாரும் கையை எடுங்க. மொதல்லேருந்து பார்ப்போம்" என்றார். குரலில் இடியும் இல்லை, மின்னலும் இல்லை. "ஸ்கேன் ரிப்போர்ட் என்ன சொல்லுது?"

மயக்க டாக்டர் எடுத்துப் பார்த்தார். "வலது."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார். "என்ன சார், பக்கத்துல சந்தேகமா? வலி எனக்குத்தானே, என்னைக் கேளுங்க! வலது பக்கம்தான், அளவெடுத்தே சொல்வேன்!"

அப்படியென்றால் படம்? மயக்க டாக்டர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். படத்தின் மூலையில் பதிந்திருக்கும் எழுத்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறித் தெரிந்தது. "படம் திரும்பி இருக்கு. முன்பக்கம் பின்பக்கமா மாட்டியிருக்காங்க" என்றார். கழற்றித் திருப்பி மாட்டினார். கல் வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆக, பக்கம் சரி, அடையாளம் சரி, டாக்டர் சரி. பூனையின் கண்ணில் நீர் முட்டியது. "தப்பா சொல்லிட்டேன் சார்" என்றாள்.

தரம் அக்காவுக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஐயோ! காலையில் விளக்குப் பெட்டியைத் துடைத்தவள் யார்? துடைப்பதற்காகப் படத்தைக் கழற்றி, பிறகு பதற்றத்தில் மாட்டியவள் யார்? தரம் தரம் என்று ஊரையே விரட்டிய மகராசி, துடைத்தே கவிழ்த்துவிட்டாளே! பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தவர் தலையில் போய் விழும், அத்தோடு சரி. பக்கத்தில் அம்மையார் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பூனைக்கு இருந்த தைரியம் உனக்கில்லையா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"நான்தான் மாட்டினேன்" என்றாள். "காலையில துடைக்கறதுக்காகக் கழற்றினேன். திருப்பி மாட்டிட்டேன். என் தப்புதாண்ணே."

அண்ணே! வாய் தவறி வந்துவிட்டது. அண்ணன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதற்கடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இடி இறங்கப் போகிற நேரம்.

இறங்கவில்லை. அண்ணன் பூனை பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், தப்பா எங்கே சொன்னீங்க? படம் ஒண்ணு சொல்லுது, வயித்துல அடையாளம் ஒண்ணு சொல்லுது. எது சரின்னு தெரியாம நான் கத்தி வச்சிருக்கக் கூடாது. நாங்க இத்தனை பேரு படம் மாட்டியாச்சான்னுதான் கேட்டோம், ஒருத்தரும் பார்க்கலை. நீங்க பார்த்தீங்க." கொஞ்சம் நிறுத்தினார். அடுத்த வார்த்தை அவர் வாய்க்குப் பழக்கமில்லாதது, புதுச் செருப்பு மாதிரி கடித்திருக்க வேண்டும். "நன்றி."

பூனை தலையை ஆட்டினாள்.

"இன்னொரு தடவை சந்தேகம் வந்தாலும் இதே சத்தத்துல சொல்லுங்க. மொதல் தடவை சொன்னது எனக்குக் கேக்கலை" என்றார். பிறகு தங்கையைப் பார்த்து, "துணியைக் கீழே வச்சுட்டு நில்லு சின்னவளே, போதும் துடைச்சது" என்றார்.

மயக்க டாக்டர்தான் முதலில் சிரித்தார். திரைக்குப் பின்னாலிருந்து தையல்காரர், "என்ன ஜோக்கு, எனக்கும் சொல்லுங்க சார்" என்றார். அதற்குப் பிறகு எல்லாக் கேள்வியும் மறுபடி கேட்கப்பட்டது, இந்தத் தடவை ஒவ்வொருத்தரும் கண்ணால் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். அண்ணன் கத்தியை எடுத்தார். கை வேலை எப்போதும் போலத்தான், வெண்ணெயில் இழை இழுக்கிற மாதிரி. கல் கிண்ணத்தில் விழுந்ததும் தையல்காரருக்குக் காட்டினார்கள். "அடேங்கப்பா, சட்டைப் பட்டன் சைஸ் இருக்கே!" என்று அவர் வாயைப் பிளந்தார்.

இத்தனைக்கும் அம்மையார் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் கூட வந்தவர் எழுதிய வேகத்தைப் பார்த்தால் இருக்கிற பக்கம் போதாது போலிருந்தது. தரம் அக்கா வராந்தா பெஞ்சில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். பூனை பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையும் ஜில்லென்று இருந்தது.

மாலையில் எல்லாரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். அம்மையார் குறைகளிலிருந்து ஆரம்பித்தார். சலவை அறையில் வெளிச்சம் போதாது. மருந்தகத்தில் இரண்டு பெயர்ப்பலகை மங்கிவிட்டது. "அப்புறம், நெருப்புப் பிடிச்சா வெளியே போற கதவுக்கு முன்னால யாரோ பூந்தொட்டியா அடுக்கி வச்சிருக்காங்க. ரொம்ப அழகா இருக்கு. யாரும் வெளியே போக முடியாது." முழு அறையும் தரம் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது அவளுக்கு.

"தியேட்டர்" என்றார் அம்மையார். கண்ணாடியைக் கழற்றினார். "நான் எத்தனையோ தியேட்டர் பார்த்திருக்கேன். நான் போற அன்னிக்கு எல்லா இடத்துலயும் எல்லாமே சரியா நடக்கும். ஒருத்தர்கூடத் தப்பு பண்ண மாட்டாங்க. பார்த்துட்டு வீட்டுக்குப் போனா எனக்கு நம்பிக்கையே வராது, நான் இல்லாத அன்னிக்கு என்ன நடக்கும்னு. இன்னிக்கு இங்கே என் கண்ணு முன்னால தப்பு நடந்துச்சு. ஒரு சிஸ்டர் சத்தம் போட்டாங்க, பெரிய டாக்டர் கத்தியைக் கீழே வச்சார். தப்பு பண்ணினவங்க வாயைத் திறந்து ஒத்துக்கிட்டாங்க. யாரும் யாரையும் திட்டலை. இதை ஒத்திகை பார்த்து நடிக்க முடியாது." பூனையைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "நாளைக்கே எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, இந்த மேஜையில படுக்க நான் தயார். தேறிட்டீங்க. முறையான கடிதம் பின்னால வரும். தொட்டியை மட்டும் எடுத்துடுங்க."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் அந்தச் சத்தம் இருக்கிறதே! மயக்க டாக்டர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். சமையற்கட்டிலிருந்து வந்த அம்மா தரை துடைப்பவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். கருவித் தட்டுக்காரி விசிலே அடித்தாள். பூனையைத் தோள்மேல் தூக்கப் பார்த்தார்கள், அவள் நழுவி ஓடித் தரம் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தரம் அக்கா சிரித்தாள், அழுதாள், எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. ஜெயித்துவிட்டோம்! பளபளவென்று துடைத்து வைத்ததற்காக இல்லை, அது மட்டும் அவளுக்கு நன்றாகவே உறைத்தது. இருந்தாலும் என்ன, ஜெயித்துவிட்டோம்!

இனிப்புத் தட்டு ஒரு சுற்றுகூட வரவில்லை, வாசலில் வண்டி வந்து நின்றது. நிறைமாதப் பெண் ஒருத்தி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, நாடித் துடிப்பு இறங்குகிறது என்று பிரசவ வார்டு சிஸ்டர் ஓடிவந்து சொன்னாள். பெண்ணின் புருஷன் முகத்தில் ரத்தமே இல்லை. "பெரிய ஊருக்குக் கொண்டு போகணுமா டாக்டர்? இங்கே மூடப் போறாங்கன்னு பேசிக்கிட்டாங்களே" என்று அண்ணன் கையைப் பிடித்தான்.

"யாருய்யா சொன்னது?" இடி முழங்கியது. இந்தத் தடவை அதைக் கேட்ட எல்லாருக்கும் தெம்பாக இருந்தது. "உள்ளே கொண்டு வாங்க!"

"வழி விடுங்க, வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டே பூனை தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கூட்ட அறையில் இனிப்பும் மாலைத் தேநீரும் கேட்பாரற்றுக் கிடந்தன.

தரம் அக்கா கதவுக்கு வெளியே அந்தப் புருஷனோடு நின்றாள். உள்ளே பேரைக் கேட்கிறார்கள், சரிபார்க்கிறார்கள், யாரோ 'இருங்க' என்கிறார்கள், யாரோ 'சரி, பார்த்தாச்சு' என்கிறார்கள். பிறகு பேச்சே இல்லை. அவள் மடி கனத்தது. அத்தனை வருஷத்துக்கு முந்தைய அதே கனம். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் மலைப்பாதையின் வளைவு ஒவ்வொன்றாக வந்தது.

வீல் என்று ஒரு சத்தம். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். கோபக்காரக் குழந்தை, இந்தத் தியேட்டருக்கு ஏற்றதுதான். புருஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வேலை முடிந்து அண்ணன் முகமூடியை இறக்கிக்கொண்டே வெளியே வந்தார். "பொண்ணு" என்றார் அவனிடம். "அம்மாவும் நல்லா இருக்கா. எழுந்திருய்யா, போய்ப் பாரு." அவன் ஓடினான்.

தங்கையும் அண்ணனும் மட்டும் வராந்தாவில் நின்றார்கள். அண்ணன் தன் ஈரக் கையை அவள் தலைமேல் வைத்தார்.

"பெரியக்கா இருந்திருந்தா இன்னிக்கு நம்மளைத் திட்டியிருக்க மாட்டா, இல்ல?" என்றார்.

"அக்கா எதுக்குண்ணே திட்டப் போறா?" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே இங்கேருந்து யாரையும் வண்டியில ஏத்தி அனுப்ப வேண்டாம்."